பொட்டு வைத்த சர்வர்கள்

ஒரு நாட்டின் உளவு நிறுவனம் வெளிநாட்டில் சில சர்வர்களை ஒளித்துவைத்திருந்தது. அதே நாட்டின் ராணுவம் அந்த வெளிநாட்டுக்குள் புகுந்து அவற்றை அள்ளிக்கொண்டு போய்விட்டது. வதந்தி இவ்வளவுதான். அந்த வெளிநாடு சிங்கப்பூர், இடம் காக்கி புக்கிட் தொழிற்பேட்டை என்பதில் எல்லாரும் ஒத்துப்போனார்கள். எந்த நாட்டு ராணுவம் என்பதில்தான் ஒற்றுமை இல்லை. அவரவர் தமக்குப் பிடிக்காத நாட்டின் பெயரைப் போட்டு நிரப்பி அடுத்தவருக்கு அனுப்பிக்கொண்டிருந்தார்கள்.

ஆதாரமாக ஒரு வீடியோ இருந்தது. எதிர்க் கட்டடத்தின் கறுப்புக் கண்ணாடி வழியாக யாரோ கைப்பேசியில் எடுத்தது. பின்பக்கச் சரக்கு வாசல் ஒன்று திறக்கிறது. பச்சைச் சீருடை அணிந்த நாலைந்து பேர் தட்டையான இரும்புப் பெட்டிகளைச் சுமந்துவந்து ஒரு வேனில் அடுக்குகிறார்கள். ஒரு முகமும் தெளிவாக இல்லை. வேன் போய்விடுகிறது. அரை நிமிடம்கூட ஓடாத அந்தப் படத்துக்கு ஒரு வாரமாக உலகமே விளக்கவுரை எழுதிக்கொண்டிருந்தது.

டன்லப் ஸ்ட்ரீட்டில், பூக்கடைக்கு மேலிருந்த தன் அலுவலகத்தில் ஃபஸீலா அதை மறுபடியும் ஓடவிட்டாள். துப்பறிவாளர் உரிமம் எடுப்பதற்கு முன் அவள் ஒரு காப்பீட்டு நிறுவனத்துக்காக எரிந்த கிடங்குகளையும் நனைந்த கடைகளையும் பார்வையிட்டவள். எது நிஜ விபத்து, எது வேண்டுமென்றே வரவழைத்த விபத்து என்று பிரித்துச் சொல்வதுதான் அப்போது அவள் வேலை. பக்கத்தில் நின்று எட்டிப் பார்த்த அண்ணாதுரை ஓய்வுபெற்ற டாக்ஸி ஓட்டுநர். இப்போது அவளுக்கு உதவியாளர், காரோட்டி, கேட்காத கருத்துகளைத் தடையின்றி வழங்குபவர்.

எதிரே உட்கார்ந்திருந்த சிவதர்ஷினிக்கு இந்தப் படம் வேடிக்கையாக இல்லை.

அந்தக் கட்டடத்தில், பிறருடைய இணையதளங்களைத் தன் சர்வர்களில் வைத்து நடத்தித்தரும் 'கொன்றை ஹோஸ்டிங்' என்ற சிறிய நிறுவனத்தில் அவள்தான் பராமரிப்பு மேற்பார்வையாளர். மின்சாரம், குளிரூட்டல், தீப்பாதுகாப்பு, யார் எந்தக் கதவைத் திறக்கலாம் என்பது எல்லாம் அவள் பொறுப்பு. ஒரு வங்கியின் டேட்டா சென்டரில் நல்ல வேலை கிடைத்து, இங்கே ராஜினாமாவும் கொடுத்துவிட்டாள். அதற்குள் வீடியோ வந்தது. வங்கி, வழக்கப்படி அவளுடைய முதலாளியிடம் விசாரித்தது. சரக்கு வாசல் சிவதர்ஷினியின் பாஸ் அட்டையால் திறக்கப்பட்டது என்று முதலாளி பதில் சொன்னார். அதற்குமேல் ஒன்றும் சொல்லவில்லை. உடனே அவள் உளவு சர்வர்களுக்குக் கதவு திறந்துவிட்டவள் ஆகிவிட்டாள். பிற்பகல் நான்கு மணிக்கு வங்கியில் நேரில் விளக்கம் தர வேண்டும். திருப்தி இல்லையென்றால் வேலை இல்லை. இந்தத் தொழிலில் எல்லாரும் எல்லாரையும் அறிந்தவர்கள் என்பதால் வேறு வேலையும் இல்லை.

"நான் யாருக்கும் கதவு திறக்கலை அக்கா. ஆனா அந்தச் சோல்ஜர்ஸ் யாருன்னு எனக்கே தெரியாது. பார்த்துப் பார்த்து இப்ப பாதி நானே நம்பிட்டேன்," என்றாள்.

ஃபஸீலா படத்தை நிறுத்தி, விரல்களால் பெரிதாக்கினாள். சர்வர் என்பது பெரிய மர்மம் ஒன்றுமில்லை. நம் வீட்டுக் கணினிதான். திரையையும் விசைப்பலகையையும் எடுத்துவிட்டு, பீட்சா டப்பாபோல் தட்டையாக்கி, அலமாரியில் ஒன்றின்மேல் ஒன்றாகச் செருகியிருப்பார்கள். அப்படிச் செருகும்போது வெளியே தெரிவது முன்பக்கம் மட்டும்தான். படத்தில் ஒவ்வொரு பெட்டியின் முன்பக்கத்திலும் ஒரு சிவப்புப் புள்ளி. அதைச் சுற்றி மஞ்சள் வளையம்.

இந்தப் புள்ளிக்கும் ஏற்கெனவே விளக்கம் வந்திருந்தது. யூடியூபில் ஒரு வெளிநாட்டு நிபுணர் அதை வட்டமிட்டுக் காட்டி, கைப்பற்றிய கருவிகளுக்கு ராணுவம் ஒட்டும் ரகசிய முத்திரை இது என்றார். சிவப்பு என்றால் அதிமுக்கியமாம். மஞ்சள் வளையம் இருந்தால் இன்னும் திறக்கப்படவில்லை என்று பொருளாம்.

அண்ணாதுரை கண்ணாடியைக் கழற்றித் துடைத்துவிட்டு மறுபடியும் பார்த்தார்.

"பாஸ், இது சந்தனம். நடுவுல குங்குமம். என் டாக்ஸி ஸ்டியரிங்ல முப்பது வருஷம் இருந்துச்சு. எந்த ராணுவமும் என்னைக் கைப்பத்தல."

சிவதர்ஷினிக்கும் பொட்டு தெரிகிறதா என்று ஃபஸீலா கேட்டாள். அவள் குனிந்து பார்த்து, படம் மங்கலாக இருக்கிறது, சரியாகச் சொல்ல முடியவில்லை என்றாள்.

"பொட்டு வச்சா வருஷம் பூரா இருக்கும்," என்றார் அண்ணாதுரை. "அதவச்சு நாள் கண்டுபிடிக்க முடியாது பாஸ்."

"பொட்டைப் பார்க்காதீங்க அண்ணே. மூணாவது ஆளோட கையைப் பாருங்க," என்றாள் ஃபஸீலா.

மூன்றாவது ஆள் பெட்டியை நெஞ்சோடு அணைத்துத் தூக்கிவந்திருந்தான். வேனில் வைத்துவிட்டுத் திரும்பும்போது அவன் முன்கையில் மஞ்சளாக ஓர் இழுப்பு. சந்தனக் குழம்பு இரும்பின்மேல் ஈரமாக இருப்பது கொஞ்ச நேரம்தான், அதுவும் சர்வரின் முன்பக்கத்தில். உள்ளே இருக்கும் விசிறிகள் முன்பக்கமாகக் குளிர்காற்றை இழுத்து, சூடான காற்றைப் பின்பக்கமாகத் தள்ளிக்கொண்டே இருக்கும். நாள் முழுக்கக் காற்று ஓடும் இடத்தில் பூசிய சந்தனம் சீக்கிரமே காய்ந்து வெடித்துவிடும். காய்ந்த சந்தனம் உதிரும், கையில் ஒட்டாது. ஆகவே பொட்டு வைத்துச் சற்று நேரத்துக்குள் இந்தப் பெட்டிகள் வெளியேறியிருக்கின்றன. சர்வருக்குப் பொட்டு வைக்கும் நாள் வருடத்தில் ஒன்றுதான்.

"அப்ப இது போன வாரம் நடக்கல. வெளிய வந்ததுதான் போன வாரம். நடந்தது ஆயுத பூஜை அன்னிக்கு. அன்னிக்கு நீங்க எங்க இருந்தீங்க?" என்று கேட்டாள் ஃபஸீலா.

சிவதர்ஷினி சற்றுத் தயங்கினாள். மருத்துவ விடுப்பு என்றாள். பிறகு, உடம்புக்கு ஒன்றுமில்லை, இதே வங்கியில்தான் நேர்காணல், மதியம்வரை அங்கேயே இருந்தேன் என்றாள். சரக்கு வாசல் பாஸ் அலுவலக டிராயரிலேயே இருந்தது.

அண்ணாதுரைக்கு அதோடு வழக்கு முடிந்துவிட்டது. வங்கியே சாட்சி; இனி டீ குடிக்கப் போகலாம். ஃபஸீலா எழுந்திருக்கவில்லை. சிவதர்ஷினி இல்லாத நேரத்தில் கதவு திறந்தது என்று நிரூபித்தால் மட்டும் போதாது. கதவுகளுக்குப் பொறுப்பானவளிடம், அப்படியானால் அங்கே நடந்தது என்ன என்றுதான் வங்கி அடுத்துக் கேட்கும். வேறொன்றும் ஃபஸீலாவை உறுத்தியது.

"அண்ணே, ஆயுத பூஜை அன்னிக்கு டாக்ஸி ஓட்டுவீங்களா?"

"பூஜை போட்டப்புறமா? எங்கப்பா பகுத்தறிவு பேசுனவரு, எனக்கு இந்தப் பேரு வச்சதே அதுக்குத்தான். ஆனா எங்கம்மா சாவிய வாங்கி சாமிகிட்ட வச்சிடுவாங்க. மறுநாள்தான் கைக்கு வரும்."

"அதான். பூஜை போட்ட கருவிய அன்னிக்கு யாரும் தொட மாட்டாங்க. ஆனா இங்க சந்தனம் காயுறதுக்குள்ள வேன்ல ஏத்திட்டாங்க. பூஜை நடக்கும்போதே ஏதோ ஆயிருக்கு."

சிவதர்ஷினி தண்ணீர்ப் பாட்டிலின் மூடியைத் திருகித் திறந்து, குடிக்காமலே மூடினாள்.

காக்கி புக்கிட்டுக்குக் கார் ஓட்டிக்கொண்டே அண்ணாதுரை ராணுவத்தை ஆராய்ந்தார். சீருடை நம் ஊர் ராணுவத்தின் நம்பர் ஃபோர். சிங்கப்பூரில் எந்த ஆணுக்கும் அது அலமாரியில் தொங்கும் துணி. கட்டாய ராணுவ சேவையை முடித்தவர்களுக்கான ரிசர்விஸ்ட் பயிற்சிக்கு ஆண்டுதோறும் எடுத்துப் போட்டு, ஆண்டுதோறும் இடுப்பு இறுகுவதாக நொந்துகொள்ளும் துணி. இணையத்தில் அதற்கும் விடை இருந்தது. வெளிநாட்டுக் கமாண்டோக்கள் சந்தேகம் வராமலிருக்க உள்ளூர் ரிசர்விஸ்ட்போல் வேடமிட்டு வந்தார்களாம்.

"என்ன ஒரு மாறுவேஷம் பாஸ். தொப்பையெல்லாம் வச்சுக்கிட்டு வந்திருக்கான். அந்தக் கடைசி ஆளப் பாருங்க, கால்ல சிலிப்பர். பூட்ஸ பையில போட்டுக்கிட்டான். பயிற்சியோட கடைசி நாள் கேம்ப விட்டு வெளிய வந்ததும் நம்மாளு செய்யுற மொத வேலை அதுதான். அந்த நாட்டுல நல்லா டிரெயினிங் குடுத்திருக்காங்க."

கொன்றை ஹோஸ்டிங்கின் வரவேற்பறையில் இடமில்லை. ஒரு டியூஷன் சென்டர் உரிமையாளர், ஒரு கேக் கடைக்காரர், மார்சிலிங்கில் பல் மருத்துவமனை நடத்தும் ஒருவர் என்று வரிசையாகக் காத்திருந்தார்கள். தங்கள் இணையதளத்தை இங்கே மாற்றிக்கொள்ள வந்தவர்கள். உளவு நிறுவனமே நம்பி வைத்த இடத்தில் கேக் கடையின் ஆர்டர் விவரங்களுக்கு என்ன குறை வந்துவிடும் என்பது அவர்கள் கணக்கு. அந்த உளவு நிறுவனத்தின் பொருளைத்தான் வாசல் வழியாகத் தூக்கிக்கொண்டு போனார்கள் என்பது யார் மனதிலும் தைக்கவில்லை.

அண்ணாதுரை தன்னை ஒரு பிரதிநிதி என்று அறிமுகப்படுத்திக்கொண்டார். யாருடைய பிரதிநிதி என்று சொல்ல மறுத்தார். உடனே அவரும் ஃபஸீலாவும் முதலாளியின் அறைக்கு அழைத்துச் செல்லப்பட்டார்கள்.

முதலாளி ராமலிங்கம் நெற்றியில் விபூதி, கையில் இரண்டு கைப்பேசி. அறைக் கதவுக்கு அருகே கண்ணாடிச் சுவர். அதற்கு அப்பால் சர்வர் கூடம். ராணுவம் வந்தது உண்மையா என்று அண்ணாதுரை தாழ்ந்த குரலில் கேட்டார். ராமலிங்கம் அவரைவிடத் தாழ்ந்த குரலில் பதில் சொன்னார்.

"அதப் பத்தி நான் பேசக் கூடாது லா."

ஒரு வதந்தியை வளர்ப்பதற்கு இதைவிடச் சிக்கனமான வாக்கியம் கிடையாது. ஆமாம் என்றால் ஆதாரம் கேட்பார்கள். இல்லை என்றால் காரணம் கேட்பார்கள். பேசக் கூடாது என்றால் கேட்டவரே மீதியை எழுதிக்கொள்வார். தானே எழுதியதை யாரும் சந்தேகிப்பதில்லை.

ஃபஸீலா அதற்குள் அறையை ஒரு சுற்றுப் பார்த்துவிட்டாள். காப்பி இயந்திரத்தில் காய்ந்த பொட்டு. பிரிண்டரில் காய்ந்த பொட்டு. கண்ணாடிக்கு அப்பால், கூடத்தின் மூலையில் ஆளுயரச் சிவப்புச் சிலிண்டர்கள். சுவரும் அவற்றைப் பிடித்திருந்த கொக்கிகளும் பழையவை. சிலிண்டர்கள் மட்டும் நேற்று வாங்கியவைபோல் மினுங்கின. மேசையில் ஒரு குடும்பப் படம். சீருடையில் சிரித்தபடி நின்ற ஓர் இளைஞன், இடுப்பு வாருக்கு மேலே வழியும் தொப்பையுடன்.

"உங்க மகனா சார்?"

"அக்கா மகன். நிதீஷ்."

ஃபஸீலா தன் கைப்பேசியை அந்தப் படத்துக்குப் பக்கத்தில் வைத்தாள். வீடியோவின் மூன்றாவது ஆள் பக்கவாட்டில் நின்றிருந்தான். தொப்பைக்கு மாறுவேடம் இல்லை.

"சீருடையோட தனியார் வேலை செஞ்சா அவரோட யூனிட்ல சும்மா விடுவாங்களா?" என்று கேட்டாள். குரலை உயர்த்தவில்லை.

ராமலிங்கம் எழுந்துபோய்க் கதவைச் சாத்தினார். பையனை விட்டுவிடுங்கள் என்றார். அதன்பிறகு, பேசக் கூடாததையெல்லாம் பேசினார்.

பூஜை அன்று நிதீஷும் கூட்டாளிகளும் பயிற்சி முடிந்து கேம்பிலிருந்து நேராக வந்திருந்தார்கள். வடை, சுண்டல் என்று கூப்பிட்டிருந்தார். சர்வர்களுக்கெல்லாம் பொட்டு வைத்தாயிற்று. தட்டில் கற்பூரம் ஏற்றினார்.

அடுத்து நடந்தது புரிய வேண்டுமென்றால் அந்தக் கூடத்தின் மூக்கைப் பற்றித் தெரிய வேண்டும். நம் வீட்டுப் புகை உணர்கருவி கூரையில் தொங்கிக்கொண்டு, புகை தன்னைத் தேடி வரும்வரை காத்திருக்கும். சர்வர் கூடத்தில் அவ்வளவு பொறுமை கிடையாது. கூரை முழுக்க மெல்லிய குழாய்கள் ஓடும். அவை ஓயாமல் காற்றை உறிஞ்சி, ஒரு லேசர் ஒளியின் குறுக்கே அனுப்பிப் பார்க்கும். ஒரு கம்பியின் உறை கருகத் தொடங்கி, மனிதக் கண்ணுக்கு ஒன்றுமே தெரியாத நிலையிலேயே அது கண்டுபிடித்துவிடும். அப்படிப்பட்ட மூக்குக்கு அடியில் ஒரு தட்டுக் கற்பூரம்.

மணி அடித்தது. எல்லாரும் தட்டோடு வெளியே ஓடினார்கள். கதவு மூடிக்கொண்டது. சிலிண்டர்கள் திறந்தன. தண்ணீர் ஊற்றினால் கணினி கெட்டுவிடும் என்பதற்காக இங்கே நெருப்பை வாயுவால் அணைப்பார்கள். அது காற்றிலுள்ள ஆக்சிஜனைக் குறைத்து நெருப்பை மூச்சுத் திணறவைக்கும்; ஓர் இயந்திரமும் நனையாது. எல்லாம் சரி, சத்தத்தைத் தவிர. அவ்வளவு வாயுவும் சின்னஞ்சிறு துளைகள் வழியாகப் பீறிடும்போது எழும் அலறலை ஹார்டு டிஸ்க் தாங்காது. அதன் உள்ளே ஒரு தட்டு அசுர வேகத்தில் சுழல, படிக்கும் முனை அதைத் தொடாமல், தலைமுடியைவிடப் பலமடங்கு குறுகலான இடைவெளியில் மிதந்துகொண்டிருக்கும். அலறலில் தட்டு அதிர்ந்தால் முனை தடுமாறும். ராமலிங்கம் வைத்திருந்தவை பழைய ரக டிஸ்க்குகள். பூஜை போட்ட கருவிகளில் பாதி, பூஜையிலேயே போய்விட்டன.

வாடிக்கையாளர் யாராவது வந்து பார்ப்பதற்குள் அவற்றைத் தகவல் மீட்கும் கடைக்குக் கொண்டுபோக வேண்டும். தூக்கப் பலசாலிகள் தேவை. வடை சாப்பிட்டுக்கொண்டிருந்த ராணுவம் கைகொடுத்தது. சரக்கு வாசலைத் திறக்க முதலாளியின் பாஸுக்கு அனுமதி இல்லை. முதலாளிக்கு அங்கே வேலை இல்லை என்று சிவதர்ஷினிதான் ஒழுங்கு வைத்திருந்தாள். எனவே டிராயரிலிருந்து அவளுடைய பாஸையே எடுத்தார்.

"இணையதளம் ஏன் ஓடலன்னு மொத வாடிக்கையாளர் போன் பண்ணாரு. சூடம் கொளுத்துனேன்னு சொல்ல முடியுமா? பேசக் கூடாதுன்னேன். வீடியோ வந்ததும் அவங்களே ராணுவம், உளவுன்னு சேத்துக்கிட்டாங்க. நான் ஒரு வார்த்தை பொய் சொல்லல."

"அந்தப் பொண்ணு வேலை போகப் போகுது. இப்ப சொன்னத வங்கிக்கு ஒரு போன் போட்டுச் சொல்லுங்க."

"சொன்னா வெளிய உக்காந்திருக்கவங்க எழுந்து போயிடுவாங்க. இருவது வருஷத்துல இப்படிக் கூட்டம் வந்ததில்ல." ராமலிங்கம் விபூதியைத் தடவிக்கொண்டார். "அதோட, நீங்க காப்பாத்த வந்த பொண்ணுகிட்டயே கேளுங்க. வருஷா வருஷம் சூடம் ஏத்துறேன். இந்த வருஷம் மட்டும் ஏன் மணி அடிச்சிச்சு? மத்த வருஷமெல்லாம் சாவியத் திருப்பிவச்சது யாரு?"

திரும்பும் வழியில் அண்ணாதுரைகூட நகைச்சுவையை நிறுத்திவைத்தார். ஃபஸீலாவுக்கு அந்தச் சாவியைத் தெரியும். காப்பீட்டு வேலையில் பார்த்திருக்கிறாள். கூடத்தின் வாசலில் இருக்கும் தீயணைப்புப் பெட்டியின் சாவி அது. 'ஆட்டோ' பக்கம் திருப்பியிருந்தால் வாயுவைத் திறப்பதா என்று இயந்திரமே முடிவு செய்யும். 'மேனுவல்' என்றால் ஒரு மனிதர் பொத்தானை அழுத்தும்வரை காத்திருக்கும். உள்ளே வெல்டிங் வேலை நடக்கும்போது மேனுவலில் வைத்து, வேலை முடிந்ததும் பழையபடி மாற்றுவார்கள். அதை வடிவமைத்தவர்கள் வெல்டிங்கை நினைத்தார்கள். கற்பூரத்தை நினைக்கவில்லை.

ராஃபிள்ஸ் பிளேஸில், வங்கிக் கட்டடத்தின் கீழ்த்தளத்தில் சிவதர்ஷினி புதுப் புடவையில் காத்திருந்தாள். நிதீஷின் தொப்பைமுதல் முதலாளியின் பாஸ்வரை ஃபஸீலா எல்லாவற்றையும் சொன்னாள். சாவியை மட்டும் சொல்லவில்லை. சிவதர்ஷினி முதலில் சிரித்தாள். பிறகு அவள் முகம் மாறியது.

"பொட்டு உங்களுக்குக் காலையிலயே தெரிஞ்சிடுச்சு, இல்லையா?" என்றாள் ஃபஸீலா.

"ஓம் அக்கா." அவள் மறைக்க முயலவில்லை. "மறுநாள் வேலைக்கு வந்ததும் சிலிண்டரெல்லாம் காலியா இருந்துச்சு. என்ன நடந்திருக்கும்னு அப்பவே புரிஞ்சிட்டுது. சோல்ஜர்ஸ் வந்தது மட்டும் தெரியாது. நான் நினைச்சேன், நீங்க அந்த ஆக்கள் யாருன்னு மட்டும் கண்டுபிடிச்சுக் குடுத்தா போதும், சூடம் வெளிய வராதுன்னு."

"உளவாளிங்கிற பேரு பரவால்லையா?" என்றார் அண்ணாதுரை.

"அங்கிள், உளவாளின்னா சந்தேகம்தான் படுவாங்க. சர்வர் ஹாலுக்குள்ள சூடம் கொளுத்த விட்ட எஞ்சினியர்னு சொன்னா, இந்த ஊர்ல ஒரு டேட்டா சென்டர் வாசல்லகூட நிக்க முடியாது. முதலாளி கேட்டாரு, வருஷத்துல ஒரு நாள்தானேன்னு சாவியத் திருப்பிவிட்டேன். இந்த வருஷம் நான் இல்லை. திருப்பணும்னு வேற ஆருக்கும் தெரியாது."

ஃபஸீலா கடிகாரத்தைப் பார்த்தாள். மின்தூக்கிக்குப் போக வேண்டிய நேரம்.

"எனக்குக் கிடைச்ச உண்மை ஒரே துண்டா இருக்கு. ராணுவம் இல்லன்னு சொல்லணும்னா நிதீஷ சொல்லணும். நிதீஷ சொன்னா பூஜைய சொல்லணும். பூஜைய சொன்னா சாவி வந்துடும். பாதிய வெட்டிக் குடுக்க எனக்குத் தெரியாது. வேணாம்னா நான் மேல வரல. நான் சொன்னத நீங்க மறந்துடலாம்."

சிவதர்ஷினி கண்ணாடிச் சுவரில் தன் முந்தானையைச் சரிசெய்தாள். அதற்கு வேண்டியதைவிட அதிக நேரம் எடுத்துக்கொண்டாள்.

"வாங்க அக்கா. சாவிய நானே சொல்றேன்."

வங்கியின் பாதுகாப்புத் தலைவர் இராஜசிங்கம், நரைத்த மீசையும் இஸ்திரி கலையாத சட்டையுமாக, எதையும் இரண்டு முறை யோசிப்பவர்போல் இருந்தார். அவரிடம் நாள் கணக்கை நிரூபிக்கச் சிரமமே இருக்கவில்லை. ஆயுத பூஜை அன்று அவளை நேர்காணல் செய்தவர் அவர்தான். கதவு திறந்தபோது அவள் அவருக்கு எதிரேதான் உட்கார்ந்திருந்தாள். வந்தவர்கள் நாற்காலியில் சாய்வதற்குள் துரோகக் குற்றச்சாட்டு தீர்ந்துபோனது.

அப்படியே எழுந்து வந்திருக்கலாம். சிவதர்ஷினி எழவில்லை. சந்தனம், கற்பூரம், குழாய்களின் மூக்கு, வாயுவின் அலறல், ரிசர்விஸ்ட் நண்பர்கள், வடை என்று எல்லாவற்றையும் வரிசையாகச் சொன்னாள். கடைசியில் சாவிக்கு வந்தாள். தான் செய்தது தவறு, அதைத் தெரிந்துகொண்ட பிறகு வங்கி எந்த முடிவெடுத்தாலும் ஏற்பேன் என்றாள். ஃபஸீலா தன் பங்குக்கு முன்கையில் ஒட்டிய சந்தனத்தைப் பெரிதாக்கிக் காட்டினாள்.

இராஜசிங்கம் படத்தை நெடுநேரம் பார்த்தார். பிறகு கதவு மூடியிருக்கிறதா என்று பார்த்தார். அவர் முகத்தில் மெல்ல ஒரு மரியாதை வந்து உட்கார்ந்தது.

"வடை," என்றார். "அந்த வடைதான் ரொம்ப நல்லா இருக்கு. அத யோசிச்சவன் கெட்டிக்காரன்."

சிவதர்ஷினிக்குப் புரியவில்லை.

"சார், இது நிஜமாவே நடந்தது."

"கட்டாயமா. யாரு கேட்டாலும் இப்படித்தான் சொல்லணும்னு உங்களுக்குச் சொல்லியிருப்பாங்க. எந்த அமைப்புன்னு நான் கேக்கல. நீங்களும் சொல்லல." அவர் எழுந்து கை நீட்டினார். "வேலை போகும்னு தெரிஞ்சும் கொஞ்சம்கூட மாத்தாம அப்படியே சொன்னீங்க பாருங்க. எங்களுக்கு அந்த மாதிரி ஆள்தான் வேணும். திங்கக்கிழமை வந்துடுங்க."

மூவரும் வெளியே வந்து சதுக்கத்தின் படிக்கட்டில் நின்றார்கள். அலுவலகம் விட்ட கூட்டம் இரண்டு பக்கமும் பிரிந்து அவர்களைக் கடந்துபோனது. உண்மையை முழுதாக ஒப்படைத்து, அதில் ஒரு சொல்லும் நம்பப்படாமல், கட்சிக்காரர் வென்ற முதல் வழக்கு இது என்று ஃபஸீலா நினைத்துக்கொண்டாள். வாழ்த்துச் சொல்லலாமா என்று தெரியவில்லை. அண்ணாதுரை, திங்கட்கிழமை போகும்போது கறுப்புக் கண்ணாடி போட்டுக்கொண்டு போகும்படி யோசனை சொன்னார்.

சிவதர்ஷினி சிரிக்கவில்லை. பொய்யின்மேல் உட்கார்ந்து எத்தனை வருடம் வேலை பார்ப்பது என்றாள். என்றாவது ஒரு நாள் உண்மை தெரிந்தால் தான் ஏமாற்றியதாகத்தான் ஆகும் என்றாள். இவர்கள் பதில் சொல்வதற்குள் திரும்பி, சுழல் கதவைத் தள்ளிக்கொண்டு மறுபடியும் உள்ளே போய்விட்டாள்.

அவர்கள் காத்திருந்தார்கள். அண்ணாதுரை இரண்டு கோப்பி வாங்கிவந்தார், இரண்டும் தீர்ந்தன. ஒருவழியாகச் சிவதர்ஷினி வெளியே வந்தாள். தோல்வியடைந்தவள் நடக்கிற நடை.

"மறுபடியும் சொன்னேன் அக்கா. போன வருஷப் பூஜைப் படத்தைக் காட்டினேன், சிலிண்டர் கம்பெனிக்கு அவர் முன்னாலேயே போன் போட்டுப் பேசவிட்டேன். அவங்களும் உண்மைன்னு சொன்னாங்க."

"நம்புனாரா?"

"இவ்வளவு பெரிய ஏற்பாடா இருக்கும்னு நினைக்கலைன்னாரு," என்றாள் சிவதர்ஷினி. "சம்பளத்த ஏத்திட்டாரு."